எந்த லியர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் நாடகம் பற்றிய சென்ற இதழின் ‘லியர் அரசன்’ கட்டுரை, நாடகத்தின் கடைசி நான்கு வரிகளை கிளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கர் பேசுவதால் அவனே அடுத்த அரசன் என்று வாதிடுகிறது. 1623இல் வந்த ஃபோலியோ என்ற பெரிய அளவுத் தொகுப்பு நூலில்தான் அவை எட்கருக்கு உரியவை. இந்த நாடகம் மட்டும் தனியாக வந்த சிறிய அளவுப் புத்தகமான 1608 குவார்ட்டோவில் அதே வரிகளைப் பேசுவது லியரின் மருமகன் ஆல்பனி. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் அந்த முடிவுக்கு வர முடியாது.

குவார்ட்டோவில் உள்ள ஏறத்தாழ 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை; ஃபோலியோவில் உள்ள சுமார் 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. சித்தம் கலங்கிய லியர் மகள்களை விசாரிக்கும் போலி நீதிமன்றம், கண்ணிழந்த கிளாஸ்டரின் முகத்துக்கு ஆளிநாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகும் வேலைக்காரர்கள், நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சி, இவையெல்லாம் குவார்ட்டோவில் மட்டுமே. இறந்துகிடக்கும் மகள் கோர்டீலியாவின் உதடுகளைப் பாருங்கள் என்று சொல்லியபடி லியர் சாவதோ ஃபோலியோவில் மட்டும். குவார்ட்டோவில் நான்கு ‘ஓ’ ஒலிகளுக்குப் பின், இதயமே வெடித்துவிடு என்று அவரே சொல்கிறார். ஃபோலியோ அந்த வரியை லியரின் விசுவாசியான கென்ட்டிடம் கொடுத்துவிட்டது. அவள் மூச்சு விடுகிறாள் என்று நம்பியே லியர் இறந்தாரா என்ற நெடுநாள் விவாதம் ஃபோலியோ வரிகளால் வந்தது.

ஒரே பதிப்பின் பிரதிகளும் ஒத்துப்போவதில்லை. குவார்ட்டோவை அச்சிட்ட நிக்கலஸ் ஓக்ஸின் கூடத்தில், அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெய்ப்புப் பார்த்தார்கள். அப்போது காகிதத்தின் விலை அதிகம். பிழையோடு ஏற்கெனவே அச்சான தாள்களை யாரும் வீசவில்லை. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே கட்டப்பட்டன. எஞ்சியிருக்கும் 12 பிரதிகளுக்குள்ளும் அதனால்தான் வேறுபாடுகள் உள்ளன. திருத்தம் என்றதும் நம்பிவிடவும் கூடாது. புயல் காட்சியில் ஓரிடத்தில் திருத்தாத தாளில் ‘க்ருலென்ஷியஸ்’ என்று பொருளற்ற சொல், திருத்திய தாளில் ‘டெம்பஸ்டியஸ்’ (கொந்தளிக்கும்), ஃபோலியோவிலோ ‘கன்டென்ஷியஸ்’ (மல்லுக்கு நிற்கும்). மெய்ப்புத் திருத்தியவர் கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமல் ஊகித்தார் என்றே தோன்றுகிறது. இங்கே அரைகுறைப் பிழையே மூலத்துக்கு அருகில் நிற்கிறது.

முகப்பில் உள்ள ஆண்டையும் நம்ப முடியாது. 1619இல் வந்த மறுபதிப்பு 1608 என்று பொய்யாக ஆண்டு போட்டுக்கொண்டது. ‘பைட் புல்’ அடையாளப் பலகை உள்ள கடையின் முகவரி முகப்பில் இருந்தால் அது உண்மையான 1608. வெறுமனே பதிப்பாளர் நத்தேனியல் பட்டருக்காக அச்சிட்டது என்றிருந்தால் 1619.

18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் இரண்டையும் கலந்து, ஷேக்ஸ்பியர் காலத்தில் யாரும் அச்சிடாத ஒரு நீண்ட நாடகத்தை உண்டாக்கினார்கள். பள்ளி, கல்லூரிகளில் வெகுகாலம் புழங்கியது அதுதான். 1986 ஆக்ஸ்ஃபர்டு தொகுப்பு இரண்டையும் தனித்தனி நாடகங்களாக அச்சிட்டது. 1997 ஆர்டன் பதிப்பு, இரண்டையும் சேர்த்து அச்சிட்டாலும், ஒன்றில் மட்டும் உள்ள வரிகளுக்குச் சிறு எழுத்தில் குறியிட்டது. மேடையேற்றுபவர்களுக்கு இதுவே வசதி.

இனி லியர் பற்றிய கட்டுரையோ மொழிபெயர்ப்போ வெளியிடும்போது மூலப் பதிப்பை ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன். கையில் இருக்கும் புத்தகத்தில் போலி நீதிமன்றமும் இருந்து, லியர் உதடுகளைப் பார்க்கச் சொல்லியும் இறந்தால், அது கலப்புப் பதிப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்