ஃபிராக்மென்ட்டைத் தேடும் நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

இனி உன் ஆண்ட்ராய்டு சிக்கலுக்கு வருகிறேன். கைபேசியைக் குறுக்கே திருப்பிய பிறகு பட்டியல் புதுப்பிக்கப்படுவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய நிரலைப் படித்தேன். நீ புதுப்பிப்பது ஒரு ஃபிராக்மென்ட்டை (திரையின் ஒரு பகுதியைக் காட்டும் நிரல் துண்டு), பயனர் பார்ப்பது வேறொன்றை. வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போடுவது போலத்தான்.

திரை திரும்பியதும் ஆக்டிவிட்டி, அதாவது அந்தத் திரையை நடத்தும் நிரல், அழிந்து மீண்டும் உருவாகிறது. அப்போது முன்பிருந்த ஃபிராக்மென்ட்களை ஃபிராக்மென்ட் மேனேஜர் தானாகவே திரும்பக் கொண்டுவந்துவிடும். 2011-இல் ஆண்ட்ராய்டு 3.0 வழியாக ஃபிராக்மென்ட் வந்த நாள் முதல் இதுதான் வழக்கம். நீயோ ஆக்டிவிட்டி உருவாகும்போதெல்லாம் ஓடும் ஆன்கிரியேட்டில் மூன்று ஃபிராக்மென்ட்களைப் புதிதாக உருவாக்கி ஒரு வரிசையில் வைத்துக்கொள்கிறாய். பக்கங்களைத் தள்ளிப் பார்க்க உதவும் வியூபேஜருக்குப் பக்கங்களைத் தருவது ஃபிராக்மென்ட் பேஜர் அடாப்டர். அது, மீட்கப்பட்டவை ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து அவற்றையே காட்டுகிறது. புதுப் பக்கத்தைக் கேட்டு வாங்கும் கெட் ஐட்டம் அழைக்கப்படுவதே இல்லை. உன் வரிசையில் உள்ள மூன்றும் எந்தத் திரையிலும் சேராமல் கிடக்கின்றன. வியூ ‘நல்’ (null, அதாவது ஒன்றும் இல்லை) என்று இருந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடு என்று நீ எழுதிய சோதனை, கோளாறை இன்னும் ஆழமாக மறைத்துவிடுகிறது. அதை முதலில் எடுத்துவிடு. செயலி நின்றுபோகட்டும், காரணமாவது தெரியும்.

அந்த அடாப்டரிலேயே இருக்கப்போகிறாய் என்றால் பக்கத்தைத் தயார்செய்யும் இன்ஸ்டன்ஷியேட் ஐட்டத்தை மேலெழுதி, சூப்பர் (மூல வகுப்பு) திருப்பித் தரும் ஃபிராக்மென்ட்டை வாங்கி வைத்துக்கொள். புதிதோ மீட்கப்பட்டதோ, அங்கே கிடைப்பதுதான் உண்மையில் திரையில் இருப்பது. சிலர் ‘ஆண்ட்ராய்டு:ஸ்விட்சர்’ என்று தொடங்கும் உள் டேக்கை (அடையாளப் பெயரை) ஊகித்துத் தேடுவார்கள். அது நூலகத்தின் உள்விவகாரம், அதை நம்பி நிரல் எழுதுவது எனக்குச் சற்றும் பிடிக்காது. வியூபேஜர்2-க்கு மாறினால் அந்த டேக்கின் வடிவமே வேறு.

பேஜர் இல்லாத திரைகளில் வேலை எளிது. சேர்க்கும்போதே உன் சொந்த டேக்கைக் கொடு. பிறகு அந்த டேக்கை வைத்து மேனேஜரிடம் கேள். இல்லை என்றால் மட்டும் உருவாக்கு. இரண்டு இடங்களில் கவனமாக இரு. ஃபிராக்மென்ட்டைச் சேர்க்கச் சொல்லும் கமிட் உடனே நடந்துவிடாது, பிரதான இழையின் வரிசையில் காத்திருக்கும். அதனால் அடுத்த வரியிலேயே தேடினால் ‘நல்’தான் வரும். உடனே வேண்டுமானால் கமிட் நௌ இருக்கிறது, ஆனால் அதைப் பேக் ஸ்டாக்கோடு (பின்செல்லும்போது மாற்றங்களைத் திருப்ப உதவும் அடுக்கு) சேர்த்துப் பயன்படுத்த முடியாது. இன்னொன்று, ஃபிராக்மென்ட்டுக்குள் இருக்கும் ஃபிராக்மென்ட்டை ஆக்டிவிட்டியின் மேனேஜரிடம் தேடாதே. அது சைல்டு ஃபிராக்மென்ட் மேனேஜரின் பொறுப்பில் இருக்கிறது.

ஆனால் உன் பட்டியலைப் பொறுத்தவரை, ஃபிராக்மென்ட்டைத் தேடிப் பிடிக்கும் தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணம். தரவை ஆக்டிவிட்டியோடு இணைந்த வியூமாடலில் (திரைக்கான தரவைத் தனியே வைத்திருக்கும் பொருள்) வை. எந்த ஃபிராக்மென்ட் திரையில் இருக்கிறதோ அது தானே கவனித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். திரை திரும்பினாலும் வியூமாடல் அழிவதில்லை.

சோதிக்கும்போது டெவலப்பர் அமைப்புகளில் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ என்ற விருப்பத்தை இயக்கிவிடு. செயலியை விட்டு வெளியே போய்த் திரும்பினாலே இந்த வகைக் கோளாறுகள் பலவும் வெளிப்பட்டுவிடும்.

மாற்றி எழுதியதும் அடாப்டர் கோப்பை அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். மகள் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறாள் என்பதையும் எழுது.

உன் அன்பு நண்பன்