ராபர்ட் ஸ்மால்ஸின் மீதி வாழ்க்கையையும் அச்சிடுங்கள்

சிறுவர் வரலாற்று நூல் வரிசையை வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரின்போது ஒரு கப்பலோடு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ் பற்றிய உங்கள் நூலின் புதிய பதிப்பு எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அட்டை மாறியிருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது. கடைசிப் பக்கம் மட்டும் மாறவில்லை. கப்பல் தப்பியதும் கதை முடிகிறது. அதற்குப் பிறகு அவர் அரசியலுக்கு வந்து மக்களுக்குத் தொண்டு செய்தாராம். அவ்வளவுதான். முந்தைய பதிப்பு வந்தபோதே இதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை.

1862 மே 13 விடியுமுன், கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் 'பிளான்டர்' கப்பலை, அவர்களுடைய சம்டர் கோட்டையைத் தாண்டி வடக்குக் கடற்படையிடம் அவர் ஓட்டிப்போனதை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் குறையே இல்லை. ஆனால் அன்று அவருக்கு வயது 23. இறந்தது 1915இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு ஒற்றை வரி போதுமா? "கப்பலைக் கொடுத்துட்டு அப்புறம் என்ன சார் பண்ணார்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்கிறான். புத்தகத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியவில்லை.

1868இல் தென் கரோலினாவின் அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் அவர் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்று அங்கே வாதாடினார். பிறகு மாநிலக் கீழவை, மேலவை, அதன்பின் ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை. 1877இல் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றதையும், 1879இல் ஆளுநர் மன்னித்ததையும் ஒளிக்காமல் எழுதுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

முக்கியமாக 1895ஐ விட்டுவிடாதீர்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே வெள்ளையர் ஆதிக்கம் பேசிய முன்னாள் ஆளுநர் பென் டில்மனின் ஆட்கள் புதிய அரசியல் சட்ட மன்றத்தைக் கூட்டினார்கள். அதில் கறுப்பின உறுப்பினர்கள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே 1834இல் குற்றமாக்கிய மாநிலம், இப்போது எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் 300 டாலர் சொத்து வேண்டும், அப்போதுதான் ஓட்டு என்றது. வளர்ந்த பிறகே படிக்கக் கற்ற மனிதர் அந்த அவையில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டியிருந்தது. எழுந்து பேசினார், தோற்றார். அந்தப் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். போடாதவர்களுக்குப் பயணப்படி கிடையாது என்ற பேச்சு வந்தபோது, தன் ஊரான போஃபோர்ட் வரை நடந்தே போய்விடுகிறேன் என்றார்.

துப்பாக்கிக்குத் தப்பிய இரவைவிட இந்தப் பகல் எந்த விதத்தில் குறைச்சல்?

பொதுவாகவே நம் சிறுவர் நூல்களில் சாகசத்துக்கு இருபது பக்கம் கிடைக்கிறது. சட்டம், தேர்தல், ஓட்டு என்று வந்தால் 'தொண்டு' என்ற ஒற்றைச் சொல்லில் கதை முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகளிடம் ஓட்டைப் பற்றிப் பேச ஏன் இத்தனை தயக்கம்? கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அவருடைய அரசியல் வாழ்க்கைக்கு எட்டுப் பக்கமாவது ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். அடுத்த அச்சுக்குப் போகுமுன் ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி நூலகப் பொறுப்பில் உள்ள ஓர் ஆசிரியர்