பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எது எது குற்றம் என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம் அம்மா. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பிரிவு எண்களில் தொடங்காதே. பிள்ளைகளுக்குத் தெரிந்த எண்கள் சினிமாவில் கேட்டவை, அவையும் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் நடப்புச் சட்டம். ஏமாற்றி வாங்குவதற்கு இருந்த 420 இப்போது 318(4). கொலைக்கு 103. இன்றைய 302 கொலையே அல்ல, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. உன் கையில் இருக்கும் பழைய கையேட்டை அப்படியே படித்துவிடாதே.

கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுது. என்ன செய்தான்? என்ன எண்ணத்தோடு செய்தான்? யாருடைய சம்மதம் இருந்தது? ஒவ்வொரு சம்பவத்தையும் இந்த மூன்றில் போட்டுப் பார்க்கப் பழக்கு. தண்டனை எத்தனை வருஷம் என்பது கடைசியில் வந்தால் போதும். எடுத்த எடுப்பில் ஜெயில் என்று பயமுறுத்தினால் பின் பெஞ்சு கேட்பதை நிறுத்திவிடும்.

முதல் வகுப்புக்குத் திருட்டு நல்லது. ஒருவர் வசம் இருக்கும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, இருந்த இடத்திலிருந்து நகர்த்தினாலே திருட்டு முடிந்துவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. "திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க பைக்கை எடுத்தேன்" என்று எவனாவது கட்டாயம் கேட்பான். அவனுக்கு மெஹ்ரா வழக்கைச் சொல். 1952-இல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர்கள் இருவர் அனுமதியில்லாமல் ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாகிஸ்தானில் இறங்கினார்கள். தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விமானத்துக்குப் பொருந்துவது பைக்குக்கும் பொருந்தும். ஆனால் விளையாட்டுக்கு நண்பனின் செல்போனை மேசைக்கடியில் ஒளித்து வைத்து, அவன் தேடியதும் எடுத்துக் கொடுப்பதில் அந்த எண்ணம் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்ணம் என்றால் என்னவென்று அவர்களுக்கே பிடிபடும்.

எல்லாமே குற்றம் என்றும் சொல்லிவிடாதே. கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் சிவில் வழக்கு. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. நம் பெரியவர்களே இதில் குழம்பிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள்.

நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டியது வங்கிக் கணக்கு விஷயத்தில். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் இந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்ச் சொந்தக் கணக்கு தொடங்குவார்கள். அப்போது டெலிகிராமிலோ சீனியர் மூலமாகவோ ஒரு பேச்சு வரும்: "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வரும் பணத்தில் கமிஷன் தருகிறோம்." கேட்பது பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, அந்தக் கணக்கோடு இணைத்த சிம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒரு முதியவரிடம் போலீஸ்போல வீடியோ காலில் பேசி, "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பிடுங்கிய பணம் இந்தக் கணக்கில் விழும், சற்று நேரத்தில் வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும். புகார் வந்ததும் போலீஸ் முதலில் பார்ப்பது பணம் போய் விழுந்த கணக்கு யார் பெயரில் என்பதை. மிரட்டியவன் பெயர் எதிலும் இருக்காது, மாணவனின் பெயர், ஆதார், போட்டோ எல்லாம் இருக்கும். கணக்கு முடங்கும், வழக்கு அந்த மாநிலத்தில் பதிவாகும், வாய்தாவுக்கு அங்கேதான் அலைய வேண்டும்.

"எனக்கு ஒன்றுமே தெரியாது" என்பது அங்கே எளிதில் எடுபடாது. பிரிவு 317, திருட்டுச் சொத்து என்று தெரிந்து வாங்கியவனை மட்டும் பிடிக்கவில்லை, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கியவனையும் பிடிக்கிறது. ஏமாற்றிப் பெற்ற பணமும் இப்போது அந்தப் பிரிவில் அடங்கும். வேலையே செய்யாதவனுக்கு ஏன் கமிஷன் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், சந்தேகப்படக் காரணம் இருந்தது என்றுதான் வாதிடுவார்கள். மோசடிக் கும்பலோடு சேர்ந்தவன் என்று நிரூபணமானால் 318(4), ஏழு வருஷம் வரை. இதை ஒரு தடவை சொல்லி விட்டுவிடாதே. ஒருவனைக் கமிஷன் பேச வருபவனாகவும் இன்னொருவனை மாணவனாகவும் நடிக்க வைத்து, எந்த இடத்தில் 'முடியாது' என்று எழுந்துபோக வேண்டும் என்று வகுப்பையே சொல்ல வை.

அடிதடியில் "நான் கூடத்தான் நின்றேன்" என்பார்கள். வெறுமனே அங்கே இருந்ததே குற்றமாகிவிடாது, இதை நேர்மையாகச் சொல். ஆனால் ஒருவன் அடிக்கும்போது மற்றவன் கதவை மறித்து நின்றால், பொது எண்ணம் பற்றிய 3(5) பிரிவு அவனையும் அடித்தவனாகவே பார்க்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ அடிக்கும் நோக்கத்தோடு கூடினாலே சட்டவிரோதக் கூட்டம். ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் உண்டு. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்தது அது. இரண்டு வருஷம் வரை சிறை.

போனைப் பற்றிப் பேசும்போது ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் பிரித்து உட்கார வைக்காதே, இருவரும் ஒன்றாகக் கேட்க வேண்டும். ஒரு பெண் தன் அந்தரங்கப் படத்தை எடுக்கச் சம்மதித்தது, அதை மற்றவருக்கு அனுப்பச் சம்மதித்ததாகாது. பிரிவு 77 இதை விளக்கமாகவே சொல்கிறது. வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை விடாமல் பின்தொடர்வதும் மெசேஜ் அனுப்புவதும் 78. படத்தில் இருப்பவருக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் நிலைமை இன்னும் கடுமை. அத்தகைய ஆபாசப் படத்தை ஃபார்வர்டு செய்வது மட்டுமல்ல, தேடிப் பார்ப்பதும் டவுன்லோடு செய்வதும்கூட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி-யில் வருகிறது. முதல் முறைக்கே ஐந்து வருஷம் வரை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதம் சம்மதமே அல்ல. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்தார்கள் என்பதால் வழக்கு நின்றுவிடாது.

கஞ்சாவில் "நான் அடிக்கவில்லை, அவன் பையைத்தான் வைத்திருந்தேன்" என்பது ஆபத்தான வாக்கியம். வைத்திருப்பதே தனிக் குற்றம், அது என்னவென்று தெரியாது என்று நிரூபிக்கும் சுமையும் வைத்திருந்தவன் தலையில். ஒரு கிலோ வரை சிறு அளவு, ஒரு வருஷம் வரை தண்டனை. பழக்கத்திலிருந்து மீளத் தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு என்பதையும் மறக்காமல் சொல். வெளியே வர வழி தெரியாமல்தான் பல பிள்ளைகள் உள்ளேயே கிடக்கிறார்கள்.

வயது பற்றிக் கேட்பார்கள். சம்பவம் நடந்த நாளில் பதினெட்டு நிரம்பாதவர் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போவார், அவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது. பதினாறு முடிந்தவர் கொடுங்குற்றம் செய்திருந்தால் பெரியவராக விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும். பதினெட்டு நிரம்பிய பிறகு செய்யும் குற்றத்துக்கு இந்தக் கவசம் எதுவும் இல்லை.

பாதிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கு. பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பணத்தை அடுத்தடுத்த கணக்குக்குத் தள்ளிவிடும். படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதே, சாட் மெசேஜ்களை அழிக்காதே. அனுப்பியவன் ஐடி, தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் காட்ட வேண்டும். "எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும்.

கடைசியாக, இது உனக்கு. இப்படிப் பேசத் தொடங்கினால் ஏதாவது ஒரு பிள்ளை வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி உன்னிடம் வரும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் போக்சோவின் 19, 21 பிரிவுகளின்படி உனக்கே ஆறு மாதம் வரை சிறை. "உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், அப்போது நானும் உன்கூட இருப்பேன்" என்று முதலிலேயே சொல். குறுக்கு விசாரணை செய்யாதே, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றைக்கே தேதி போட்டு எழுதி வை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டோம் என்று நிற்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ தகவல் போனதை நீயே உறுதி செய்துகொள். எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா