அந்த முதிரைக் கதவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. நீ சொன்னதுபோல் முன்கதவைக் கழற்றி அலுமினியம் போடத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கதவும் நிலையும் முதிரை மரத்தில் செய்தவை. அம்மாவின் சீதனத்துக்கு இந்த வீட்டைக் கட்டியபோது, உன் அம்மப்பா உன்னிச்சைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்த மரம். தச்சுவேலை செய்த ஓடாவி அதைச் சீவும்போது நான் பக்கத்தில் நின்றேன். மரத்தின் உள்வைரம் வெளிர்மஞ்சளாய், வெயில் படப் பட்டுச்சேலை போல மினுங்கியது. வெள்ளைக்காரர் பளபளக்கும் சட்டின் துணியின் பெயரால் அதைச் சட்டின் மரம் என்று சொன்னது அதனால்தான். பாவம் ஓடாவி, முதிரைத் தூள் பட்டு அவர் கையெல்லாம் தடித்து, இரவிரவாய்ச் சொறிந்துகொண்டிருந்தார். அந்தத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடுகள் பறந்தன, வளவுத் தென்னைகள் எல்லாம் சரிந்தன. அம்மாவும் நானும் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டுதான் இரவைக் கழித்தோம். நிலை அசையவில்லை.

பாலையும் உறுதியான மரம்தான். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாய்ப் போட்டார்கள். ஆனால் கதவு, நிலை, தளபாடம் என்றால் முதிரைதான். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் முதிரையாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். 205 அடிக்கு ஒரே வளைவு, ஓர் ஆணிகூட அடிக்கவில்லையாம். 1905இல்தான் அதைக் கழற்றினார்கள். எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

தேக்கு வெளியிலிருந்து வந்த மரம், இப்போது தோட்டம் தோட்டமாய் நிற்கிறது. முதிரை நம் வறண்ட காட்டில் தானாய் முளைத்து, மெல்ல மெல்ல வைரம் பாயும் மரம். இன்று அதை வெட்டவும் ஏற்றவும் பெர்மிட் வேண்டும், அதுவும் சரிதான். ஒருமுறை கழற்றிக் கொடுத்துவிட்டால் இப்படிப் பலகைக்கு எங்கே போவேன், மகள்?

கதவில் பழுது கொஞ்சம்தான். பிணைச்சல் இரண்டும் துருப்பிடித்துவிட்டன. 2011 வெள்ளத்தில் ஊறிய அடிச்சட்டம் மட்டும் உக்கியிருக்கிறது. பழைய வண்டியின் முதிரைக் கட்டையொன்று பின்வளவில் கிடக்கிறது. நேற்று உளியால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. அதில் அடிச்சட்டம் செய்யலாம் என்று ஓடாவியின் மகன் சொல்கிறான். வெள்ளிக்கிழமை வருவான். அதற்குள் ஒருமுறை கோல் எடு. மிச்சக் காசை யன்னல்களுக்கு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா