குடியாத்தம் மாப்பிள்ளைக்கு, பகி வாங்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் அனுப்பிய ஆர்.சி. பகிகளின், அதாவது ரிமோட்டில் மண்தரையில் ஓடும் குட்டி கார்களின் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 60 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருக்கும் இடத்தில்தான் உங்கள் கண் நிற்கிறது. மணிக்கு 60 என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். பள்ளிக்கூட மைதானத்தை ஐந்தாறு நொடியில் தாண்டிவிடும். ஒரு முழம்கூட இல்லாத வண்டி அந்தத் தூரத்தில் நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா என்றே தெரியாது. நம் பக்கம் திரும்பி வரும்போது இடமும் வலமும் வேறு மாறிவிடும். பையன் அதற்குப் பழகுவதற்குள் சுவரில் நாலு முறை மோதுவான், நீங்களும்தான். அதனால் எந்த வண்டி வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் உடைந்தால் தனியாக அது மட்டும் கிடைக்குமா?

இந்தக் கேள்வியிலேயே உங்கள் பட்டியலில் பாதி கழிந்துவிடும். கடையில் டப்பாவோடு விற்கும் பொம்மை வண்டிக்கு ஆர்ம் கிடையாது, கியர் கிடையாது, உடைந்தால் பரண்தான்.

மிச்சம் இருப்பதில் டபிள்யூஎல்டாய்ஸ் கம்பெனியின் 144001 நல்ல வண்டி. 1/14 அளவு (நிஜ வண்டியில் பதினாலில் ஒரு பங்கு), நாலு சக்கரமும் இழுக்கும், அடித்தட்டு உலோகம், 7.4 வோல்ட் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. பெட்டியைப் பிரித்த அன்றே ஓட்டலாம். குறை என்றால் கியர் திறந்தே கிடப்பது. பாலாற்று மணலில் விட்டீர்களானால் ஒரு சின்னக் கல் போதும், பல் போய்விடும். ஆற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம், கெட்டியான செம்மண் தரையில் ஓட்டுங்கள்.

டாமியா கம்பெனி வண்டிகள் வேறு ரகம். 1984-ல் வந்த கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் இன்றைக்கும் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாகக் கிடைக்கின்றன. நீங்களே உட்கார்ந்து பூட்ட வேண்டும். வேகம் அதிகம் இருக்காது, குண்டும் குழியும் வந்தால் துள்ளும், ஆனால் அடி தாங்கும். பூட்டியவருக்குத்தான் பழுது பார்க்கவும் தெரியும் என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் ஒன்று, கிட் விலையை மட்டும் தங்கச்சியிடம் சொல்லிவிடாதீர்கள். ரிமோட், சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டார்), பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனி. சக்கரம் சுழலும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பால் பேரிங் போடுவதும் தனிச் செலவு. கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கெல்லாம் ஒதுக்கிவிட்டு மீதியில் வண்டியைத் தேடுங்கள்.

இங்கே விலை ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. இந்த மாதிரி உதிரி பாகம் கிடைக்கும் ஹாபி வண்டியும் இதில்தான் மாட்டுகிறது.

ரேஸ் விஷயத்துக்கு வருகிறேன். உலகப் போட்டிகளில் மண்தரை பகிகள் 1/10, 1/8 அளவுகளில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. 144001-ஐ வைத்துக்கொண்டு அங்கே நிற்க இடமில்லை. பெரிய ரேஸ் ஆசை நிஜமாக இருந்தால் 1/10-ல், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் தொடங்குங்கள். ஆனால் நம் பக்கத்துக்கு எது சரி என்று கேட்டால், நீங்கள், நான், காட்பாடியில் இருக்கும் பெரியப்பா பையன், மூன்று பேரும் ஒரே வண்டியை வாங்கி, மோட்டாரில் கைவைக்காமல் ஓட்டுவதுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வளைத்துப் போட்டால் டிராக் ரெடி. வண்டி ஒன்றாக இருந்தால் பணம் போட்டவன் ஜெயிக்க முடியாது, ஓட்டத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். உதிரி பாகத்தையும் பகிர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மத்தியானம் ஓட்டினால் மோட்டார் வெந்துவிடும். ஒரு பேட்டரி தீர்ந்ததும் மோட்டாரில் விரல் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் ஆறவிட்டு, பினியனை, அதாவது மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, ஒரு பல் குறைந்ததாக மாற்றிப் போடுங்கள். லைப்போவை பைக் டிக்கியில் வைத்துவிட்டு எங்கும் போகாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் 4.2 வோல்ட் முழுச் சார்ஜ், 3.2-க்குக் கீழே இறங்கவே கூடாது. ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8-ல் நிறுத்தி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டில் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது பேட்டரியை மட்டும் என்னிடம் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். பேட்டரியை வண்டியோடு இணைக்கும் பிளக்கில் பல வகை உண்டு, என்னிடம் இருப்பதெல்லாம் டி-பிளக். நீங்கள் எக்ஸ்டி60 என்ற வேறு வகை பிளக் உள்ளதை வாங்கிவிட்டால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது, வயரை வெட்டிப் பற்றவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அன்புடன்,
சத்துவாச்சாரி மச்சான்