நகராத நாட்களும் டூட்டி லிஸ்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நாளிலும் வேலை பார்ப்பவர்களைப் பற்றித் தீபாவளியன்று தங்கள் நாளிதழில் வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். மருத்துவமனை ஊழியர்களைத் தெய்வம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் தெய்வத்துக்குத் திருவிழாத் தேதி வருடத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகிறது. எங்களுக்கு டூட்டி லிஸ்ட் பண்டிகைக்கு மூன்று நாள் முன்புதான் பலகையில் ஏறுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் 11 வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலை. ஒரு குழு திங்கள், புதன், வெள்ளி வரும். இன்னொரு குழு செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு அவசர கேஸ் மட்டும்.

இந்த வருடத் தீபாவளி 2025 அக்டோபர் 20, திங்கள்கிழமை. வெள்ளிக்கிழமை செய்துகொண்டு போனவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாண்டி வருகிற நாள். வாரத்திலேயே அவர்கள் உடம்பில் நீரும் பொட்டாசியமும் அதிகம் சேர்ந்திருப்பது அன்றைக்குத்தான். பண்டிகை என்று அதைத் தள்ளிப்போட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆளே போய்விடலாம். ஆகவே தீபாவளிக்கு யூனிட்டை மூடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். தங்கள் வாசகர்களில் யார் வீட்டிலாவது டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், ஊரிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்பதற்காக ஒரு முறையைக்கூட விட வேண்டாம் என்று இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை 5 மணிக்கு நான் ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் மெஷின் வழியாக ஓட வேண்டும். 6 மணிக்கு முதல் ஷிஃப்ட். வெளியே வெடிச் சத்தம். நோயாளிகள் எல்லோரும் புதுத்துணியில், காலரில் மஞ்சள் தடவி வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் சட்டையின் இடது கையை மட்டும் தோள் வரை பிரித்துப் பட்டன் வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கிற கை அது. "வருசா வருசம் புதுச் சட்டையைக் கழட்டிட்டுப் படுக்க வேண்டியிருக்கு, இந்தத் தடவை டெய்லர்கிட்ட சொல்லிட்டேன் தம்பி" என்றார். நான்கு மணி நேரமும் புதுச் சட்டையோடேயே படுத்திருந்தார்.

மற்றவர்கள் கேட்ட கேள்விகள் வழக்கமானவை. லேகியம் ஒரு உருண்டை போட்டுக்கலாமா, இளநீர் ஒரு மடக்கு குடிக்கலாமா. இளநீர், வாழைப்பழம், கிழங்கு எல்லாமே பொட்டாசியம். நம் பண்டிகைச் சாப்பாட்டில் டயாலிசிஸ்காரருக்கு ஆகிவருவது என்று பார்த்தால் பாதி இலை காலியாகிவிடும். மறுபடி புதன்கிழமை வரும்போது எடை பார்க்கிற மெஷின் யார் என்ன செய்தார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். நான்கு கிலோ தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்து, "ஒண்ணுமே குடிக்கலை தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரே மூச்சில் அத்தனையையும் இறக்கினால் பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுக்கும். சரி, அது வேறு கதை.

எங்கள் வீட்டில் பண்டிகைகளை நகர்த்தப் பழகிவிட்டோம். எனக்கு 2016இல் தலை தீபாவளி. அன்று சனிக்கிழமை. முதல் ஷிஃப்டை முடித்துவிட்டு விருதுநகரில் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை 4 மணி. நான் வந்தால் தேய்க்கலாம் என்று அத்தை நல்லெண்ணெயை நாலு தடவை சூடு பண்ணியிருந்தார்கள். மிளகு போட்ட எண்ணெய் கருகி ஒரு வாசனை வந்தது. "மாப்ளே, கங்கை இன்னேரம் காசிக்கே திரும்பிப் போயிருக்கும்" என்று மாமா சிரித்தார். இப்போதெல்லாம் மகள் பிறந்தநாளை எந்த ஞாயிறு தோதுப்படுகிறதோ அன்று வைத்துக்கொள்கிறோம். அவளுக்கு ஏழு வயது. கேக் இருந்தால் போதும், கிழமை பார்ப்பதில்லை. யூனிட்டிலும் எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு. நாகர்கோவில்கார சிஸ்டர் ஒருவர் பொங்கலில் எனக்காக ஒரு நாள் நிற்பார், கிறிஸ்துமஸுக்கு அவருக்காக நான் நிற்பேன். அந்தக் கணக்கை ஒரு பழைய டயரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வட்டிக்கடை நோட்டுகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

ஆனால் சில நாட்களை நகர்த்த முடியாது. 2022 ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அது நட்சத்திரம் பார்த்துச் செய்வது. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றால் அபிராமி ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆறு மாதம் முன்பே தேதி தெரியும். லீவு லெட்டரும் கொடுத்திருந்தேன். லிஸ்ட் வந்தது மூன்று நாள் முன்பு, அதில் என் பெயர் காலை ஷிஃப்டில் இருந்தது. மாற்றிக்கொள்ள ஒருவர் சம்மதித்தார். முந்தின நாள் இரவு அவருக்குக் காய்ச்சல். அந்த நேரத்தில் வேறு யாரைப் பிடிப்பது? இன்னும் ஒரு வாரம் முன்பு தெரிந்திருந்தால் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கலாம்.

முதல் ஷிஃப்ட் நோயாளிகளை இறக்கிவிட்டு, 11 மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று மாறி மாறித் திருக்கடையூர் போய் இறங்கும்போது இரவு எட்டரை. கலசத் தண்ணீர் ஊற்றுவது, தாலி கட்டுவது எல்லாம் காலையிலேயே முடிந்து, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். என் பங்கு கலசத்தையும் தங்கச்சியே ஊற்றியிருக்கிறாள். லாட்ஜ் அறையில் அப்பா மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார். கலசத்தில் மிச்சம் பிடித்து வைத்த தண்ணீர். "போ, பாத்ரூம்ல நிக்கச் சொல்லு, நீயும் ஊத்து" என்றார். அப்பா, "இந்நேரத்துக்கு ஜலதோஷம் பிடிக்குமே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நின்றார். காலையில் இருந்து நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரோடு மாரடித்தவன், அந்த ஒரு லிட்டரை ஊற்றும்போது கை நடுங்கியது.

லிஸ்ட் ஏன் தாமதமாகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆள் குறைவு. பயிற்சி முடித்துக் கொஞ்சம் கை பழகியதும் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி நிமிடம் வரை யார் இருப்பார், யார் போவார் என்று பொறுப்பில் இருப்பவர் காத்திருக்கிறார். முன்கூட்டியே லிஸ்ட் போட்டால் எல்லோரும் திருத்தம் கேட்டு வந்து நிற்பார்கள் என்ற பயமும் உண்டு. வரட்டுமே. சண்டை மூன்று வாரம் முன்பே வந்தால் தீர்த்துவிடலாம், மூன்று நாள் முன்பு வந்தால் காய்ச்சல்காரரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஊழியரும் ஜனவரியிலேயே தன் வீட்டின் நகராத நாட்கள் இரண்டை எழுதிக் கொடுக்கட்டும். அறுபதாம் கல்யாணமோ, தங்கை கல்யாணமோ, வருடத் திதியோ, எதுவானாலும். அந்த இரண்டு நாளும் அவர் பெயர் லிஸ்ட்டில் வரக்கூடாது. மற்ற எந்தத் தீபாவளிக்கும் கூப்பிடுங்கள், வருகிறோம். அப்புறம், பெரிய பண்டிகைகளுக்கான லிஸ்ட் இரண்டு மாதம் முன்பே ஒட்டப்பட வேண்டும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பு திறக்கிறது. திறந்த சில நிமிடங்களில் பொங்கல் டிக்கெட் தீர்ந்துவிடுவதாகத் தங்கள் நாளிதழே வருடா வருடம் செய்தி போடுகிறது. மூன்று நாள் முன்பு லிஸ்ட் பார்க்கிறவன் எந்த வண்டியில் ஊருக்குப் போவான்?

வரும் பொங்கல் 2026 ஜனவரி 15, வியாழக்கிழமை. செவ்வாய், வியாழன், சனிக் குழுவின் நாள். அன்றைக்கும் யூனிட் ஓடும், ஓட வேண்டும். முந்தின நாள் ரயிலுக்கு நவம்பர் நடுவிலேயே முன்பதிவு திறந்துவிடும். நான் இருப்பேனா மாட்டேனா என்று அதற்குள் தெரிந்துவிட்டால் போதும். பானையை எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்றுவது என்று அம்மா இப்போதே போனில் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நான் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்பதால், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன்,
மதுரை.