குடித்துவிட்டு வரலாம், உள்ளே குடிக்கக் கூடாது

கிளாஸ்கோ,
நவம்பர் 30, 2025.

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். குளிர் பிடித்துவிட்டது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, மூன்று மணிக் கால்பந்து ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இரண்டாம் பாதியை விளக்கொளியில்தான் பார்க்கிறார்கள். அம்மா அனுப்பிய ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டர், அதற்கு மேல் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நானும் அரங்கத்தின் கேட்டில் வேலைக்கு நிற்கிறேன்.

போன வாரம் ஃபோனில் நீங்கள் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்றுதான் அப்புறம் எழுதுகிறேன் என்றேன். "ஜெர்மனியில பீர் கப்பைக் கையில வச்சுக்கிட்டே ஆட்டம் பார்க்கிறான், உங்க ஊர்ல உள்ளே விக்கவே மாட்டாங்களாமே?" என்றீர்கள். உண்மைதான், விற்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் விஸ்கிக்குக் குறைவில்லை, தெருவுக்குத் தெரு பப் இருக்கிறது, ஆனால் கால்பந்து அரங்கத்துக்குள் சாதாரண டிக்கெட்டில் வருகிறவருக்கு ஒரு சொட்டு கிடையாது. வெந்நீரில் கரைத்த மாட்டிறைச்சிச் சாறும் சூடான பையும்தான் கிடைக்கும். பை என்றால் கையில் மாட்டுகிற பை இல்லை, உள்ளே கறி வைத்துச் சுட்டெடுத்தது.

ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். 'படிக்கப் போன பிள்ளை குடிகாரர்கள் நடுவில் நிற்கிறானே' என்று ஏற்கெனவே கவலை.

மாணவர் விசாவில் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் அதில் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். ஸ்டூவர்டு என்பார்கள், போலீஸ் கிடையாது. டிக்கெட் பார்க்க வேண்டும், பைகளைத் திறந்து பார்க்க வேண்டும், கோட்டுப் பாக்கெட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். என் கேட்டுக்கு வழக்கமாக வரும் ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியிருப்பார். முதல் நாள் அவர் கோட்டில் கால் பாட்டில் விஸ்கி தட்டுப்பட்டது. "ஐயா, இதை உள்ளே விட முடியாது" என்றேன். கோபப்படவில்லை. "சரி மகனே" என்று ஓரமாக நகர்ந்து, மூடியைத் திருகி, என் கண் முன்னாலேயே அத்தனையையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, காலிப் பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். இங்கே வயதானவர்கள் எல்லா இளைஞர்களையும் 'மகனே' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு மணி நேரம் சிறுகச் சிறுகக் குடித்திருக்க வேண்டியதை நான்தான் அவரை அரை நிமிடத்தில் குடிக்க வைத்தேன் என்று அன்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது.

இந்தத் தடையின் கதையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1980 மே 10, இங்கே கிளாஸ்கோவில் உள்ள ஹாம்ப்டன் பார்க் அரங்கம், ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். கிளாஸ்கோவின் ஜென்மப் பகை அணிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதின. கூடுதல் நேரத்தில் செல்டிக் 1-0 என்று ஜெயித்தது. சந்தோஷத்தில் செல்டிக் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ரேஞ்சர்ஸ்காரர்களும் இறங்க, நடு மைதானத்தில் அடிதடி. பாட்டிலும் டின்னும் கல்லும் பறந்தன. குதிரைப் போலீஸ் வந்துதான் பிரித்தது. வெள்ளைக் குதிரையில் கூட்டத்துக்குள் பாய்ந்த ஒரு பெண் போலீஸின் படத்தை இன்றும் இங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது. அந்த ஆண்டே வந்த சட்டத்தில் அரங்கத்துக்குள் மது கூடாது, ரசிகர்களை ஏற்றிவரும் பஸ்ஸிலும் கூடாது, நிதானமில்லாமல் உள்ளே நுழைவதும் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். 45 வருஷம் ஆகிவிட்டது, தடை அப்படியே நிற்கிறது.

என் கூடவே கேட்டில் நிற்கும் மூத்த ஸ்டூவர்டு ஒருவர் அன்று பதினேழு வயதுப் பையனாக அந்த மைதானத்தில் இருந்தவர். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார், நானும் கேட்கவில்லை. அவர் சொல்வது இது: அந்தக் காலத்தில் பலரும் டின்களைப் பை நிறையச் சுமந்துகொண்டுதான் ஆட்டத்துக்கு வருவார்கள். எல்லாம் வெளியே கடையில் வாங்கியது, அரங்கத்துக்குள் கிளப் விற்றது இல்லை. அப்புறம் அன்று ஆட்டம் முடிகிற நேரத்தில் போலீஸில் பெரும்பாலோர் வெளியே தெருவைப் பார்க்கப் போய்விட்டதால், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போதிய ஆள் இல்லை. அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாட்டிலைச் சுமந்து வருவதையும், உள்ளே பிளாஸ்டிக் கப்பில் விற்பதையும் சட்டம் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே போட்டுவிட்டது. கண்ணாடிப் பாட்டில் ஒழிந்தது நூற்றுக்கு நூறு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பில் விற்பது வேறு விஷயம்.

சரி, எல்லோருக்குமா தடை? அதுவும் இல்லை. மேல் மாடியில் ஹாஸ்பிடாலிட்டி என்று விலை அதிகமான டிக்கெட் உண்டு. மேஜை, துணி விரிப்பு, சாப்பாடு, ஒயின் எல்லாம் அங்கே கிடைக்கும். கீழே பையில் ஒரு டின் இருந்தால் நான் பிடுங்கிக் குப்பையில் போடுகிறேன். மேலே வெயிட்டர் ஊற்றிக் கொடுக்கிறார். இந்த ஒன்றுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்த மாதம் 8ஆம் தேதி எடின்பரோ மர்ரேஃபீல்டு அரங்கில் ஸ்காட்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் ரக்பி. வகுப்புத் தோழனிடம் ஒரு டிக்கெட் மீதி இருந்தது, போனேன். அறுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் பீர் கப். எனக்கு முன்வரிசைக்காரர் நாலு கப்பை அட்டைத் தாங்கியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என் முழங்காலைத் தாண்டிப் போனார், அதுதான் எரிச்சல். ஸ்காட்லாந்து 17-25 என்று தோற்றது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதே ஆள் மறுநாள் கிளாஸ்கோவில் கால்பந்து பார்க்க வந்தால் அவர் பாக்கெட்டை நான் தட்டிப் பார்க்க வேண்டும்! ரக்பிக்காரன் கனவான், கால்பந்துக்காரன் ரவுடி என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

இங்கிலாந்தில் இன்னும் விசித்திரம். அங்கே 1985இல் சட்டம் வந்தது, லூட்டன் மைதானக் கலவரமும் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்ததும் நடந்த வருஷம். அங்கே உள்ளே பீர் விற்கலாம், ஆனால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை இந்த விதி. ஒருமுறை மான்செஸ்டர் போனபோது பார்த்தேன். இடைவேளை விசில் ஊதியதும் ஜனங்கள் படிக்கட்டில் உருண்டு விழாத குறையாகக் கீழே ஓடுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வரிசையில் நின்று, வாங்கி, ஊற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். நிதானமாகக் குடிக்கத் தெரிந்த மனிதனுக்கும் இந்த விதி அவசரமாகக் குடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. 2021இல் முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரௌச் தலைமையில் ரசிகர்களைக் கேட்டு எழுதிய அறிக்கை, இருக்கையில் குடிக்க விடுவதைக் கீழ்மட்ட லீகுகளில் சோதித்துப் பார்க்கலாம் என்றது. 1985 சட்டம் ஆண்கள் ஆட்டத்துக்குத்தான். அதனால் இந்த ஆண்டு தொடக்கத்தில் பெண்கள் லீகில் பிரிஸ்டல் சிட்டி, சவுத்தாம்ப்டன் உட்பட நாலு கிளப்பில் இருக்கைக்கே பீர் கொண்டுபோக விட்டுப் பார்த்தார்கள்.

ஜெர்மனி பற்றிக் கேட்டீர்களே. 2024 யூரோ கோப்பைக்கு இங்கிருந்து பெருங்கூட்டம் மியூனிக் போனது. முதல் ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்து ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றது. ரசிகர்கள் இஷ்டத்துக்குக் குடித்தார்கள், பாடினார்கள், நல்ல பெயரோடு திரும்பி வந்தார்கள். அதே கோப்பையில் கெல்சன்கிர்ஹனில் இங்கிலாந்து-செர்பியா ஆட்டம் ஆபத்தானது என்று தெரிந்ததும், அன்று மட்டும் உள்ளே விற்ற பீரின் வீரியத்தைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது, ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது. செல்டிக்-ரேஞ்சர்ஸ் என்றால் உள்ளே ஒரு சொட்டும் வேண்டாம், மதியம் பன்னிரண்டு மணிக்கே ஆட்டத்தை வைத்துவிடட்டும் (பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள், பப்பில் உட்கார நேரம் கிடைக்காது). மழையில் மூவாயிரம் பேர் வந்து தூங்கி வழிகிற ஆட்டத்துக்கும் அதே விதி எதற்கு?

பெரிய இடத்தில் இந்த விவகாரம் வேறு மாதிரி. பிரேசிலில் தடை இருந்தது, 2014 உலகக் கோப்பைக்காக ஃபிஃபா நெருக்கி அதைத் தளர்த்த வைத்தது. கத்தாரில் தலைகீழ், 2022இல் ஆட்டம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது அரங்க வளாகத்தில் பீர் இல்லை என்றார்கள். இரண்டு இடத்திலும் ரசிகரை யாரும் கேட்கவில்லை.

நான் சொல்வதை மறுக்கவும் ஆள் இருக்கிறது, மாமா. என் கேட்டுக்கு ஒரு பெண்மணி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருவார். பேச்சு வந்தபோது, "தயவுசெய்து விற்கச் சொல்லிவிடாதே. சனிக்கிழமை இந்த ஊரில் குடித்த மூச்சு முகத்தில் படாமல் பிள்ளைகளோடு உட்கார இந்த ஒரு இடம்தான்" என்றார். முழுக்க உண்மை இல்லை, பாதிப் பேர் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் யாரும் குடிப்பதில்லை. குடி இந்த நாட்டுக்குப் பெரிய நோய். ஆண்டுக்கு 1,000 பேருக்கு மேல் குடியாலேயே சாகிறார்கள். அதற்காகத்தான் 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை என்று சட்டம் போட்டு, போன வருஷம் அதை ஒரு யூனிட்டுக்கு (பத்து மில்லி சுத்த ஆல்கஹால்) 65 பென்ஸ் ஆக்கினார்கள். இரவு பத்துக்கு மேல் கடையில் பாட்டில் வாங்க முடியாது. இப்படிக் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு கவுன்ட்டரைத் திறப்பானேன் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குடும்பப் பகுதி என்று தனியாக வைத்து அங்கே விற்காமல் இருந்தால் அந்த அம்மாவுக்குப் போதுமா தெரியவில்லை, அடுத்த முறை கேட்க வேண்டும்.

ஆனால் குடியின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதும் இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. பயிற்சியின்போது ஹில்ஸ்பரோ அரங்கத்தில் நடந்த விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1989 ஏப்ரல், ஷெஃபீல்டு, நெரிசலில் நசுங்கி மொத்தம் 97 பேர் இறந்தார்கள். உடனே கிளம்பிய பேச்சு, லிவர்பூல் ரசிகர்கள் குடித்துவிட்டு நேரம் கழித்து வந்து முண்டியடித்தார்கள் என்பது. இறந்த ஒவ்வொருவரின் இரத்தத்திலும் மது இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள், குழந்தைகள் உட்பட. 2012இல் தனிக்குழு ஒன்று எல்லா ஆவணங்களையும் பார்த்து அந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்றது. 2016இல் விசாரணை ஜூரியும் ரசிகர்கள் மேல் தவறில்லை என்றது. இருபத்தேழு வருஷம்! அந்தக் குடும்பங்கள் பிள்ளையையும் இழந்து, 'உன் பிள்ளை குடித்திருந்தான்' என்ற பேச்சையும் சுமந்தன. அதிலிருந்து, கேட்டில் நெரிசல் கூடும்போது 'குடிகாரக் கூட்டம்' என்று யாராவது முணுமுணுத்தால் எனக்குச் சுருக்கென்கிறது. மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டே முக்கால் வரை ஜனங்கள் பப்பில் உட்கார்ந்துவிட்டு ஒரே நேரத்தில் வந்து மோதுகிறார்கள் என்றால், முன்னாலேயே உள்ளே வர அவர்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? வெறும் பைதானே.

18ஆம் தேதி ஹாம்ப்டனில் டென்மார்க்கோடு ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். 4-2. 1998க்குப் பிறகு முதல் தடவையாக ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குப் போகிறது. அன்று எனக்கு உள்ளே படிக்கட்டில் டூட்டி, ஆடுகளத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், கூட்டத்தைத்தான் பார்க்கலாம். அதனால் நாலு கோலையும் நான் முகங்களில்தான் பார்த்தேன். நடு மைதானத்திலிருந்து கடைசி கோல் போனபோது முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மூச்சில் பீர் வாசனை. திருப்பி நானும் கட்டிக்கொண்டேன், விதிப்புத்தகத்தில் அதற்கு இடமுண்டா தெரியாது.

புத்தாண்டை ஒட்டி வருகிற செல்டிக்-ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவதாகத்தான் இருக்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கையுறை மட்டும் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்.

எழுத மறந்தேனே, அந்த விஸ்கிப் பெரியவர் போன சனிக்கிழமையும் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார், காலி. பரவாயில்லையே என்று நினைத்தேன். குனிந்து என் காதில், "இன்றைக்கு உனக்குச் சிரமமே வைக்கவில்லை மகனே, தெருமுனையிலேயே முடித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் பிரியமுள்ள மருமகன்